மதினி பதில்கள்: பேசாம இருக்கதுதான் பெரிய சண்டை

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல கல்யாண வாழ்க்கை பத்தித்தான். ஒரே மாதிரி இருந்தத ஒண்ணா சேத்துட்டேன், பேரெல்லாம் எடுத்துட்டேன். நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல. அம்பாசமுத்திரம் பக்கத்துல 31 வருசமா குடும்பம் நடத்துறவ, பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ, அக்கம்பக்கத்து வீட்டு பஞ்சாயத்து எத்தனையோ திண்ணையில உக்காந்து கேட்டவ. கண்ணால பாத்தத வச்சுத்தான் சொல்லுதேன்.

மதினி, கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது, வீட்ல பாத்து வச்ச கல்யாணம். அவங்க நல்லவங்கதான், குடி கிடையாது, சம்பளத்த அப்படியே வீட்டுக்கு குடுத்துருவாங்க. ஆனா வேலைவிட்டு வந்தா போன்தான். நேத்து, மாடில காயப்போட்ட வத்தல அணில் தூக்கிட்டு போயிட்டுன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னேன், நிமிந்து பாக்காம "ம்"னாங்க. அவ்வளவுதான். ராத்திரி அழுகையா வந்துச்சு. நான் ரொம்ப எதிர்பாக்கேனா?
- பேர் வேண்டாம், பேட்டை

இல்ல தாயி, ரொம்ப எதிர்பாக்கல. இத முதல்ல மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இதையே வெளிய கேட்டா "குடிக்கல, அடிக்கல, சம்பளத்த குடுக்கான், இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு"ன்னுதான் நம்ம ஊர்ல சொல்லுவாங்க, எங்க ஆச்சி காலத்துலேருந்து அதே பேச்சுதான். குடிக்காம இருக்கதும் அடிக்காம இருக்கதும் ஒரு மனுசனுக்கு சாதாரணமா இருக்க வேண்டிய குணம், அதக் காட்டி மத்ததெல்லாம் கேக்காதன்னு சொல்லக்கூடாது.

அணில் வத்தல தூக்கிட்டு போனதுல பெருசா ஒண்ணும் இல்லதான். ஆனா நீங்க அத சொல்லும்போது "நான் இங்கன இருக்கேன், ஒரு தடவ என்னைய பாருங்க"ன்னு சேத்துத்தான் சொல்லியிருக்கீங்க. அமெரிக்காவுல ஜான் காட்மேன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், புதுசா கல்யாணம் ஆனவங்கள ஒரு இடத்துல தங்க வச்சு அவங்க சாதாரணமா பேசிக்கிடுறத வீடியோ எடுத்து கவனிச்சிருக்காரு, ஆறு வருசம் கழிச்சு அவங்கள்ல யார் சேந்து இருக்காங்க யார் பிரிஞ்சுட்டாங்கன்னும் பாத்தாரு. சேந்து இருந்தவங்க இந்த மாதிரி சின்னப் பேச்சுக்கு 100க்கு 86 தடவ திரும்பி பாத்து பதில் சொன்னவங்களா இருந்திருக்காங்க, பிரிஞ்சவங்க 33 தடவதான். வீட்ல நடக்கிற இந்த ஒத்த வரிப் பேச்சுக்கு அவ்வளவு கனம் இருக்கு.

இப்ப என்ன செய்யணும்னா, அவங்க வண்டிய நிப்பாட்டி உள்ள வந்ததும் ஒரு அரை மணி நேரம் விட்ருங்க, சில ஆளுகளுக்கு வேலைய தலையிலேருந்து இறக்க அந்த நேரம் வேணும். அதுக்கப்புறம் காப்பிய கையில குடுக்கும்போது "எப்ப பாத்தாலும் போன்தான்"னு ஆரம்பிக்காம "எனக்கு உங்ககூட பத்து நிமிசம் பேசணும்போல இருக்கு, போன அந்த அலமாரில வச்சிருங்க"ன்னு நேரா கேளுங்க. குத்தம் சொன்னா யாரும் வாசலடச்சுக்கிடுவாங்க, ஆசையா கேட்டா பெரும்பாலும் தட்டமாட்டாங்க. அழுத விசயத்தையும் சொல்லுங்க. ராத்திரி அழுதது பக்கத்துல படுத்திருந்த ஆளுக்கே தெரியல, எனக்கு எழுதுனத அவங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். இன்னொண்ணு, அவங்களும் ஏதாவது சின்ன சேதி சொல்லுவாங்க, வண்டில ஏதோ சத்தம் வருது, ஆபீஸ்ல ஒருத்தன் மாறிப் போறான்னு, அப்ப நீங்க அடுப்பப் பாத்துக்கிட்டே "ம்" போடாதீங்க.

சண்ட வந்தா நாங்க பத்து நாள், பதினஞ்சு நாள் பேசிக்கிட மாட்டோம். ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. சண்டைய வளக்கக்கூடாதுன்னுதான் ரெண்டு பேருமே வாய மூடிக்கிடுதோம். யார் முதல்ல பேசணும்ங்கதுதான் பிரச்சன.
- திருநெல்வேலி டவுன்

எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல நடந்தத சொல்லுதேன். சாயங்காலம் போயிருந்தேன். அம்மா அடுப்பங்கரையில, அப்பா முன் ரூம்ல. அந்த வீட்டு சின்னப்பொண்ணு ஸ்கூல் யூனிபார்மக் கூட மாத்தல. "அப்பாகிட்ட தோச வேணுமா சோறு வேணுமான்னு கேட்டுட்டு வா"ம்பாவ அம்மா, அது ஓடி வரும். "எனக்கு பசிக்கலன்னு ஒங்கம்மாட்ட சொல்லு"ம்பாரு இவரு. அது திரும்ப ஓடும். மூணாவது தடவ வரும்போது அந்தப் பிள்ள நடுவுல, நடையிலேயே நின்னுட்டு. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. நிலையப் பிடிச்சுக்கிட்டு என்னையப் பாத்துச்சு பாருங்க, அந்தப் பார்வ இன்னும் எனக்கு மறக்கல. பெரியவங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கலன்னு சண்ட இல்லன்னு நெனச்சாங்க, அந்த வீட்லயே பெரிய சண்ட அதுதான். சத்தம் போட்டு அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போற சண்டயப் பாத்துக்கூட பிள்ளைங்க அவ்வளவு பயப்படாது, முடிஞ்சுட்டுன்னு அதுக்கு தெரியும்லா.

உங்க வீட்லயும் ஆறு வயசுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பிள்ளையத் தூது அனுப்புறத இன்னைக்கே நிப்பாட்டுங்க, சமாதானம் ஆகாட்டாலும் பரவாயில்ல, "சாப்பிட வாங்க"ன்னு நேரா சொல்லுங்க.

சண்ட நேரத்துல வாய மூடுறது தப்பில்ல. கோவம் தலைக்கேறி நெஞ்சு படபடன்னு அடிச்சு நாடி 100க்கு மேல போயிட்டா அப்ப காதுல எதுவும் ஏறாது, அதையும் அந்த காட்மேன் அளந்தே பாத்திருக்காரு, அடங்குறதுக்கு 20 நிமிசமாவது வேணும்னு சொல்லுதாரு. அதனால எந்திரிச்சு போங்க, மொட்ட மாடிக்கு போங்க, தெருமுக்கு வர நடங்க. ஆனா போகும்போது "எனக்கு இப்ப முடியல, ராத்திரி சாப்பிட்டுட்டு பேசுவோம்"னு சொல்லிட்டு போகணும், சொன்ன நேரத்துக்கு வந்து பேசணும். சொல்லாம போனா எதிராளிக்கு அது கதவச் சாத்துன மாதிரி இருக்கும். போன எடத்துல அவங்க பேசுனத திரும்பத் திரும்ப நெனச்சு கோவத்த ஏத்திக்கிட்டு வரக்கூடாது, அது போகாம இருந்ததுக்கு சமம்.

யார் முதல்லன்னா, டவுன்லயே இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? ஐப்பசி திருக்கல்யாணத்துக்கு காந்திமதி அம்மன் தவமிருக்க கம்பாநதி காட்சி மண்டபத்துக்கு போறா. நெல்லையப்பர் கோயில்லயே உக்காந்து "அவளே வரட்டும்"னு இருக்கல, அந்த மண்டபத்துக்கு கெளம்பி வந்து காட்சி குடுக்காரு. அதுக்கப்புறம்தான் கல்யாணம், ஊஞ்சல் எல்லாம். ஒருத்தர் காத்திருக்காங்க, ஒருத்தர் தேடி வாராங்க, இதுல யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு? போன தடவ அவங்க வந்தா இந்த தடவ நீங்க போங்க.

எங்க அம்மாவுக்கும் வீட்டுக்காரிக்கும் ஒத்துப்போகல மதினி. பொங்கப்படில குடுத்த பான சின்னதுன்னு அம்மா சொன்னத இவகிட்ட சாதாரணமா சொல்லிட்டேன், இவ அத அவங்க அம்மாட்ட சொல்ல, இப்ப ரெண்டு வீடும் பேச்சு இல்ல. நடுவுல கிடந்து நான்தான் சாவுதேன்.
- வள்ளியூர்

தம்பி, வேதன புரியுது, ஆனா உண்மையச் சொல்லணும்லா. நீங்க நடுவுல கிடக்கல, நீங்கதான் கொண்டுபோயி குடுத்திருக்கீங்க. அம்மா உங்ககிட்ட சொன்னது உங்க காதோட நின்னிருந்தா அது ஒரு வயசான பொம்பள ஆதங்கம், அவ்வளவுதான். பானையும் அரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சக்குலையும் கட்டி ஒரு தகப்பன் ஆட்டோ பிடிச்சு கொண்டுவந்து எறக்குனத ஒருத்தர் கொற சொன்னாங்கன்னு தெரிஞ்சா எந்த மகளுக்கு தாங்கும்? அந்தப் பானைக்கு அவங்க வீட்ல யாரோ எதையோ கொறச்சிருப்பாங்க தம்பி.

செய்ய வேண்டியது ரெண்டு வேல. அம்மாட்ட நீங்களே போயி உக்காந்து, "எம்மா, அவங்க வீட்லேருந்து என்ன வந்தாலும் கொற சொல்லாத, எனக்கு பிடிக்கல"ன்னு சொல்லணும். "அவளுக்கு வருத்தமா இருக்கு"ன்னு சொன்னீங்கன்னா முடிஞ்சுது, மருமக மேல பழி போயிரும். எனக்கு பிடிக்கலன்னு சொல்லணும். நம்ம ஆம்பளைங்க நெறைய பேரு இந்த ஒத்த வரிய சொல்ல பயந்துக்கிட்டுத்தான் பத்து வருசம் வீட்ட ரெண்டா வச்சிருக்காங்க. பெத்த அம்மாட்ட மகன் சொன்னா ரெண்டு நாள் முகத்த தூக்கி வச்சிருப்பாவ, மூணாவது நாள் காப்பி போட்டு குடுத்துருவாவ. அதையே மருமக சொன்னா சாகுற வரைக்கும் மறக்க மாட்டாவ.

ரெண்டாவது, மாமனார் வீட்டுக்கு நீங்களே நேர்ல போயி, "மாமா, அந்தப் பேச்சு என் வாயிலேருந்துதான் வந்துச்சு, மன்னிச்சிக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. வீட்டுக்காரிகிட்ட தனியா சொல்லுங்க, நம்ம வீட்டு விசயம் இனிமே ரெண்டு பக்கத்து அம்மாகிட்டயும் போகவேண்டாம்னு, அத ரெண்டு பேருமே கடப்பிடிக்கணும், அவங்களுக்கு மட்டும் சட்டம் போடக்கூடாது.

அப்படியும் ஒரே அடுப்புல முடியலன்னா தனியா வீடு பாக்கதுல பாவம் ஒண்ணும் இல்ல. அதே தெருவுல பாருங்க. தெனமும் அம்மாவ போயி பாருங்க.

அவங்க சவூதில, நான் கடையநல்லூர்ல. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவதான் லீவு. வீடியோ கால்ல "சாப்டியா, பிள்ள சாப்டுச்சா, காசு வந்துச்சா" இதுக்கு மேல பேச்சு வரல. ஊருக்கு வந்தாலும் முதல் பத்து நாள் யாரோ மாதிரி இருக்கு.

நம்ம பக்கத்துல எத்தன வீடு இப்படி இருக்குன்னு நெனச்சா மனசு கனக்குது. அந்தப் பத்து நாள் கூச்சம் எல்லார் வீட்லயும் உண்டு, அதுக்கு பயப்படாதீங்க, லீவுக்கு வந்த முதல் வாரத்துலயே விருந்து விருந்துன்னு வீடு வீடா சுத்தாம கொஞ்ச நாள் உங்களுக்குன்னு வச்சுக்கோங்க.

சவூதி நம்மளவிட ரெண்டர மணி நேரம் பின்னால. அவங்க வேல முடிஞ்சு குளிச்சு ராத்திரி 9.30க்கு கூப்பிட்டா இங்க 12 மணி, நீங்க பாதித் தூக்கத்துல இருப்பீங்க, அவங்களும் அசந்துபோயிருப்பாங்க, அந்த நேரத்துல சாப்டியாங்கதுக்கு மேல என்ன வரும்? வாரத்துல ஒரு நாள், அவங்களுக்கு லீவான வெள்ளிக்கிழமையப் பகல் நேரமா பாத்து பேசுங்க. மத்த நாள் வாய்ஸ் மெசேஜ் போடுங்க, பெருசா ஒண்ணும் வேண்டாம், இன்னைக்கு குத்தாலத்துல சாரல்னு இங்கயும் காத்து சிலுசிலுன்னு அடிக்கி, பிள்ள புதுசா ஒரு வார்த்த பேசுச்சு, அப்படி. அங்க ஒரு ரூம்ல ஆறு பேரோட கிடக்கிற ஆளுக்கு அந்த சாரல் காத்து எவ்வளவு பெருசுன்னு நமக்கு தெரியாது.

அதுக்கும் மேல ஒண்ணு, எத்தன வருசம்? இத ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கீங்களா? வீட்டுக்கடன் அடையுற வரைக்குமா, தங்கச்சி கல்யாணம் வரைக்குமா, ஒரு கணக்கு வேணும். முடிவு தெரியாத பிரிவ எந்த மனசும் தாங்காது.

கேக்காமலே என் வளையல அடகு வச்சிட்டாரு. கேட்டா "குடும்பத்துக்குத்தான வச்சேன்"ங்காரு. நான் பீடி சுத்துற காச கூட ஒளிச்சு வைக்கிறதில்ல.

கல்யாணத்துல உங்களுக்கு போட்ட நகை சட்டப்படி உங்க சொத்து. குடும்பத்துக்கே வச்சாலும் கேட்டுத்தான் வைக்கணும். நக போனதவிட கேக்காம எடுத்ததுதான் உங்களுக்கு வலிக்குது, அத அவர்ட்ட அப்படியே சொல்லுங்க. அடகு சீட்ட வாங்கி நீங்க வச்சுக்கோங்க, வட்டி எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள மீக்கணும்னு பாத்துக்கோங்க. மாசம் ஒரு நாள் ரெண்டு பேர் வருமானம், கடன், சீட்டு எல்லாத்தையும் ஒரே நோட்டுல எழுதுங்க, அவரும் பக்கத்துல உக்காரணும். கடன மறைக்கிற பழக்கம் அவருக்கு இருக்கான்னு அந்த நோட்டு ரெண்டு மூணு மாசத்துல காட்டிரும்.

அடிக்காரு மதினி. குடிச்சா மட்டும்தான். மறுநாள் கால்ல விழுந்து அழுவாரு. அம்மா "அனுசரிச்சு போ, பிள்ளைங்க இருக்கு"ங்காங்க. எப்படி அனுசரிக்கது?

அனுசரிக்காதீங்க. இதுக்கு மட்டும் நான் குடும்பம் சேரணும்னு பேசவே மாட்டேன். குடிச்சவரு கடைத்தெருவுல பாக்கிறவங்களையெல்லாமா அடிக்காரு? உங்களத்தான அடிக்காரு, அப்ப யார அடிக்கலாம்னு அவருக்கு அந்த போதையிலயும் தெரியுது. கால்ல விழுறதுக்கு மயங்காதீங்க, குடிய விட வைத்தியத்துக்கு வாராரான்னு பாருங்க.

பெண்களுக்கான உதவி நம்பர் 181, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. உடனே ஆபத்துன்னா 112. 2005ம் வருசத்து குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்துல அடி மட்டும் இல்ல, கேவலமா பேசுறது, செலவுக்கு காசு தராம வைக்கிறதும் வரும், குடியிருக்கிற வீட்லேருந்து அவங்க இஷ்டத்துக்கு உங்கள வெளியேத்தவும் முடியாது. மாவட்ட சமூகநல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட புகார் குடுக்கலாம். வக்கீலுக்கு காசு இல்லையேன்னு நினைக்காதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் குடுக்கும், அதுக்கு 15100. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைங்க சர்டிபிகேட், பேங்க் புக்கு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நம்பிக்கையான ஒருத்தர் வீட்ல குடுத்து வைங்க. அம்மாகிட்ட இந்தப் பக்கத்தக் காட்டுங்க. எம்மா, மகளுக்கு கதவ தொறந்து வைங்க, ஊர் என்ன சொல்லும்னு பாக்காதீங்க.

கல்யாணமாகி 34 வருசம். பிள்ளைங்க பெங்களூர்ல. இப்ப வீட்ல நாங்க ரெண்டு பேரும்தான், பேசுறதுக்கு ஒண்ணுமே இல்ல.
- சேரன்மகாதேவி

இத்தன வருசமா பிள்ளைங்களப் பத்தியே பேசியிருப்பீங்க. எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு. நாங்க காலைல ஆத்துக்கு நடக்க ஆரம்பிச்சோம். முதல் ஒரு மாசம் பேச்சே இல்ல, தாமிரபரணித் தண்ணிக்கு கால நனைச்சிட்டு வந்துருவோம். ஒரு நாள் இவிய படித்துறையில உக்காந்துக்கிட்டு, எட்டாங்கிளாஸ்ல அவிய அப்பா ஸ்கூல விட்டு நிப்பாட்டப் பாத்த கதையச் சொன்னாவ. அப்பவே 28 வருசம் கூட வாழ்ந்திருந்தேன், எனக்கு அது தெரியாது. நடங்க, கூட நடங்க.

அடுத்த மாசம் மகளுக்கு கல்யாணம். என்ன சொல்லி அனுப்பணும்?
- வீரவநல்லூர்

அனுசரிச்சு போன்னு மட்டும் சொல்லாதீங்க, அத ஊரே சொல்லும். "என்னன்னாலும் மாப்பிள்ளகிட்ட நேரா சொல்லு, சின்னதா இருக்கும்போதே சொல்லு, அடிதடி, அவமானம்னா எங்ககிட்ட வா"ன்னு சொல்லுங்க. மாப்பிள்ளைக்கும் அவங்க வீட்ல இதையே சொன்னாங்கன்னா நல்லாருக்கும். இன்னும் ஒரு மாசம் இருக்குல்லா, பொண்ணும் மாப்பிள்ளையும் போன்ல சினிமாக் கத மட்டும் பேசாம, கல்யாணத்துக்கப்புறம் எங்க இருக்கோம், அவ வேலைக்கு போறாளா, யாருக்கு என்ன கடன் இருக்கு, பிள்ள எப்ப, உடம்புக்கு ஏதும் மருந்து சாப்பிடுதாங்களா, இதெல்லாம் பேசச் சொல்லுங்க. கேக்க கூச்சமா இருக்கும், கேக்காம போயி ரெண்டாம் மாசத்துல தெரிஞ்சு அழுத பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

பக்கத்துலதான் பத்தமடை. பொண்ணு மாப்பிள்ள பேர் போட்டு கல்யாணப்பாய் சொல்லியிருப்பீங்க. முடிஞ்சா ரெண்டு பேரையும் கூட்டிட்டு போயி அது நெய்யுறத காட்டுங்க. கோரைய தண்ணில ஊற வச்சு, மயிரிழையா கீறி, ஒவ்வொண்ணா ஊடு விட்டு, ஒவ்வொரு தடவையும் நெருக்கித் தட்டணும், ஒரு எழுத்து தெளிஞ்சு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துட்டு வரட்டும்.

மறுவீட்டுக்கு சொதி வைப்பீங்கள்ளா? தேங்காப்பால் கொஞ்சம் கனம், இஞ்சித் துவையல மறந்துராதீங்க. பத்திரிக அடிச்சதும் அனுப்புங்க தாயி, நானும் இவியளும் வாரோம்.